மத்தியான உறக்கம்

பிள்ளைகள் உறங்கிவிட்டார்களா இல்லையா என்று சுகிர்தம் டீச்சருக்குத் தெரியவில்லை. உறங்கியிருக்க வேண்டும். சாப்பாடு முடிந்து, கை கழுவி, பாய் விரித்து, ஆளுக்கொரு பக்கமாகச் சுருண்டு வெகுநேரமாகிவிட்டது. கூடத்து வாசலை ஒட்டிப் போட்ட முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது புருவத்துக்கு மேலே போட்டிருந்த கட்டுக்குள் நாடி துடித்தது. விண், விண் என்று அது தெறிக்கும்போதெல்லாம் கூடமே ஒருமுறை சுருங்கி விரிந்தது போலிருந்தது. வெளியே ஆனிமாதச் சாரல். மலையிலிருந்து இறங்கிவரும் காற்று ஓட்டுச் சந்து வழியாக நீர்த்தூளைக் கொண்டுவந்து பாய்களின் மேல் தூவியது. காயாத பாவாடை, டெட்டால், மூத்திரம், தேங்காயெண்ணெய் எல்லாம் சேர்ந்த வாசனை. வந்த புதிதில் இந்த வாசனைக்கு அவளுக்குக் குமட்டும். இப்போது லீவில் ஊருக்குப் போனால் அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கும் தலையணை உறைதான் ஏதோ ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி நாசியில் படுகிறது. இனி அந்தத் தலையணைதான். இன்றைக்கு ராத்திரியே அதில்தான். மூன்றரை மணி பஸ் வந்தால் அம்பாசமுத்திரம், அங்கிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து சாத்தான்குளம். பெட்டியைக் காலையிலேயே ஆபீஸ் அறையில் கொண்டுபோய் வைத்தாயிற்று. பிள்ளைகள் கண்ணில் படாமல், கறுப்புக் குடையையும் அதன் மேலேயே வைத்தாயிற்று. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லோரும் உறங்கியதும் முக்காலியைச் சத்தமில்லாமல் சுவரோரம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். அவ்வளவுதானே, எழுந்து நடப்பதில் என்ன இருக்கிறது, தினமும் பத்துத் தடவை இந்த வாசலைத் தாண்டித்தானே போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிக்கவும் கட்டுக்குள் விண் என்றது. ஜன்னலுக்கடியில் படுத்திருந்த பவளக்கொடியின் பக்கம் பார்வை தானாகப் போயிற்று. அந்தப் பிள்ளை மட்டும் உறங்கவில்லை. மல்லாந்து படுத்து, ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. மனசு கலங்கிப்போன பிள்ளைகளைத் தங்கவைத்துப் பாடம் சொல்லித் தருவதற்கென்று ஒரு இடம் இருக்க முடியும் என்பதையே சுற்றுவட்டாரத்து ஜனங்கள் நம்பவில்லை. ‘கிறுக்குப் பள்ளிக்கூடம்லாம் எறங்கு’ என்றுதான் கண்டக்டர் குரல் கொடுப்பான். மரக்கம்பெனி ஒன்று காலிசெய்துவிட்டுப் போன பழைய பங்களா. அதை ஒரு டிரஸ்ட் வாங்கி, வெள்ளையடித்து, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்திருந்தது. வந்த முதல் நாள் சுகிர்தமும் கிளாஸ் ரூமைத் தேடினாள். பெஞ்சு எங்கே, கரும்பலகை எங்கே என்று கேட்டபோது, வார்டனாக இருந்த கனகாம்புஜம் அம்மாள் சிரித்தார். ரிடையரான ஹெட்மிஸ்ட்ரஸ் அவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மடித்துச் சொருகிய கைக்குட்டை. “மொதல்ல பிள்ளைங்க ஒங்கள ஒக்கார விடுதான்னு பாப்போம் சுகிர்தம். பாடம் பெறகு.” உட்காரவிட ஒரு மழைக்காலமே பிடித்தது. இஸ்மாயில் சுவரில் தலையை மோதிக்கொள்வான். மோதாத நேரத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். உறக்கத்தில்கூட அந்த ஆட்டம் நிற்காது, பாய் கிறீச் கிறீச் என்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். செல்வராணி புதிதாக யாரைப் பார்த்தாலும், பால்காரரோ தபால்காரரோ கலெக்டரோ, கிட்டே போய் முகவாயைத் தூக்கிப் பார்த்து, “நீங்கதான் எங்கம்மையா?” என்று கேட்பாள். இப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஆனால் யாரைப் பார்த்தும் சுகிர்தம் பயந்ததில்லை. பயந்தது பவளத்தைப் பார்த்துத்தான், அதுவும் இன்றைக்குக் காலையில்தான். இல்லை, அது பொய். இன்றைக்குக் காலையில் இல்லை. அதற்கு முன்னாலேயே. எப்போதிருந்து என்று யோசிக்கப் போனால் யோசனை ஒரு இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது, அங்கேயிருந்து திரும்பி மறுபடி கட்டுக்கும் நாடிக்கும் வந்தது.

பவளத்தை அதன் மாமா கொண்டுவந்து விட்டார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் குடியிருப்பு. தாய் இல்லை. தகப்பன் இருந்தும் இல்லாத கணக்கு. குடித்துவிட்டு வந்து அந்த மனுஷன் பிள்ளையைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு வெளியே போவானாம். மாமா அதை இங்கே வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, “இதத் தின்னு முடிக்கதுக்குள்ள மாமா வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போனார். பிள்ளை பழத்தில் பாதியைத் தின்றது. மீதியைத் தின்னவில்லை. தின்று முடித்தால்தானே மாமா வரவில்லை என்று ஆகும். அந்தப் பாதிப் பழத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு சாப்பிடாமல், குளிக்காமல், பழம் கறுத்து, கூழாகி, எறும்பு மொய்க்கும் வரைக்கும் வைத்திருந்தது. சுகிர்தம்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கும்போது பிள்ளை அவள் மணிக்கட்டைக் கடித்தது, பிறகு வாயைத் திறந்து பேசியது. அப்பா! பேச்சா அது. ‘சவத்து மூதி, கையெடுட்டீ, ஓம் மூஞ்சில மண்ண வாரிப் போட’ என்று தொடங்கி, கடற்கரையில் மீன் ஏலக்காரர்கள்கூட யோசித்துத்தான் சொல்வார்கள் என்கிற சொற்கள். எட்டு வயதுப் பிள்ளை. கனகாம்புஜம் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். சுகிர்தத்துக்கு என்னவோ சிரிப்புதான் வந்தது. அன்றிலிருந்து பவளம் அவளைக் கூப்பிடுவது ‘ஏட்டி டீச்சரு’ என்றுதான். ஏட்டி டீச்சரு, இது என்னது. ஏட்டி டீச்சரு, இந்த ஆட்டுக்குப் பேரு என்ன. பிறகு எப்போதோ, எந்த நாள் என்று நினைவில்லை, அது அவள் அருகில் வந்து உட்கார்ந்து அவள் முந்தானையின் நுனியை எடுத்து வாயில் வைத்துச் சவைக்கத் தொடங்கியது. சவைக்கும் நேரம் கெட்ட வார்த்தை இல்லை, கடி இல்லை. வலது கையால் சிலேட்டில் எழுதும். ‘அ’ எழுதியது அப்படித்தான். தன் பெயரை எழுதியதும் அப்படித்தான், வாயில் முந்தானையோடு. சுகிர்தத்தின் சேலை ஒன்றில்கூட நுனி முழுசாக இல்லை, எல்லாம் சவைத்துச் சவைத்து நைந்து நூலாகத் தொங்கும். ஊருக்குப் போனால் அம்மா, “என்ன இது, எலி கடிச்ச மாதிரி” என்பாள். எலியா. எலிதான்.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பயம் எப்போது ஏறி வந்தது? கிணற்றடியில் நிற்கும்போது, பின்னாலிருந்து முந்தானையில் ஒரு இழுப்பு. கக்கூஸ் கதவுக்கு வெளியே, “ஏட்டி டீச்சரு, உள்ளதான் நிக்கியா?” மத்தியானம் இந்த முக்காலியில் கண் சொருகும்போது முழங்காலில் ஒரு ஈரமான முகம். ஒருநாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது அறைக் கதவைத் தாழ் போட்டிருந்தாள். பவளம் கதவுக்கடியில் விரலை நுழைத்து, நகம் பெயர்ந்து ரத்தம் வரும்வரை சுரண்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் படுக்கையில் புரண்டுகொண்டு சுகிர்தம் நினைத்தாள், இந்தப் பிள்ளைக்கு நான் போதமாட்டேன். எவ்வளவு கொடுத்தாலும் போதாது. என்னை மொத்தமாகத் தின்றாலும் இதன் பசி அடங்காது. நினைத்த மறுநிமிடமே, டீச்சரா நீ என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே அடுத்த வாரம் அரசாங்கப் பள்ளிக்கூடத்து வேலைக்கு மனுப் போட்டாள். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, வீட்டில் ஆளில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். அது உண்மைதான். உண்மையாக இருப்பது எவ்வளவு வசதியாகப் போயிற்று. அம்மாவின் கண் நன்றாகத் தெரிந்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்பாய் சுகிர்தம்? ஓட்டில் சாரல் கனத்து, மெலிந்து, மறுபடி கனத்தது. பவளம் கண்ணை மூடினால் என்ன. மூடு பிள்ளை. மூடிவிடேன். நேரம் என்ன இருக்கும்? கடிகாரம் ஆபீஸ் அறையில். மூன்று அடித்ததா அடிக்கவில்லையா? அடித்திருந்தாலும் இந்தச் சாரலில் கேட்டிருக்காது.

சொல்லாமல் போய்விடச் சொன்னது கனகாம்புஜம் அம்மாள்தான். சும்மா சொல்லவில்லை. சுகிர்தம் வருவதற்கு முன்னால் ராஜம் என்று ஒரு டீச்சர் இருந்தாளாம். அவள் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, நாளைக்குப் போகிறேன் என்று சொல்லி, ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். அன்று சாயங்காலமே ஒரு பையன் ஓட்டுக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டான், ராஜம் டீச்சர் போகமாட்டேன் என்று சொன்னால்தான் இறங்குவேன் என்று. சொன்னாள். இறங்கும்போது பாசி வழுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்தது. அவள் அடுத்த நாள் போகத்தான் செய்தாள். “அதுக்கு மேல யாரையும் சொல்ல விடுறதில்ல சுகிர்தம். மத்தியானம் எல்லாம் ஒறங்கும். சத்தமில்லாம போயிருங்க. ஒரு பிள்ளைகூட மறுநாள் கேக்காது. பாவம், அதுங்க மனசுல எதுவும் நிக்கதில்ல.” அது என்னவோ நிஜம்தான். சுகிர்தம் வந்த பிறகு வேறு டீச்சர்மார் போனதை அவளே பார்த்திருக்கிறாள். இதே முக்காலியில் அவள்தான் காவல் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவைக் கடந்து போவார்கள். நாலு மணிக்குப் பிள்ளைகள் எழுந்து, முகம் கழுவி, காப்பி குடித்து, விளையாடப் போவார்கள். யாரும் கேட்டதில்லை. கடைசியாகப் போனது கிரேஸ். கிரேஸ் டீச்சர் எங்கே என்று ஒரு சொல் இல்லை. அப்போது சுகிர்தத்துக்கு மனசு விட்டுப்போன மாதிரி இருந்தது. இவ்வளவு உழைத்தும் ஒரு பெயர்கூட மிஞ்சாதா என்று. இன்றைக்கு அதே மறதியைத்தான் நம்பி உட்கார்ந்திருக்கிறாள். அதோடு அவளுக்கே இந்த விடைபெறும் காரியமென்றால் ஆகாது. ஏழு வயதில் போர்டிங்கில் சேர்க்கக் கொண்டுவந்த அம்மா, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எம் மகளே, எம் மகளே” என்று தெருவே கூடும்படி ஒப்பாரி வைத்தாள். கன்னியாஸ்திரி ஒருவர் வந்து விரலை விடுவித்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வருஷம் முழுக்க விடுதிப் பெண்கள், சாப்பாட்டு வரிசையிலும் குளியலறையிலும், “எம் மகளே” என்று இழுத்துக் காட்டி அவளை அழவைத்தார்கள். சொல்லாமல் போயிருக்கலாமே அம்மா, நான் விளையாடிக்கொண்டிருக்கும்போது போயிருக்கலாமே என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறாள். ஆகவே கனகாம்புஜம் சொன்னபோது சட்டென்று தலையாட்டினாள். நல்லது, அதுதான் நல்லது. யாருக்கு?

காலையில் நடந்ததை மறுபடி நினைக்க வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கட்டு விடவில்லை. காலையில் தேன்மிட்டாய் கொடுத்தாள். ஊருக்குப் போகும் கடைசி நாள் ஏதாவது இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, பேச்சியிடம் சொல்லி வாங்கி வரச் சொன்னாள். பேச்சிதான் ஆயா. கூட்டுவது, துவைப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள். எல்லோருக்கும் மிட்டாய். இஸ்மாயில் ஆடிக்கொண்டே தின்றான். செல்வராணி உதட்டில் பூசிக்கொண்டாள். பவளம் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றது. பிறகு வழக்கம்போல அருகில் வந்து உட்கார்ந்து முந்தானையை எடுத்தது. வாய்வரைக்கும் கொண்டுபோய், நிறுத்தி, விரித்துப் பார்த்தது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. கீழே விட்டது. எழுந்துபோய்த் தன் சிலேட்டை எடுத்துக்கொண்டு, நாலைந்து எட்டுத் தள்ளி நின்று, சுகிர்தத்தின் முகத்தைக் குறிபார்த்து எறிந்தது. திட்டவில்லை. ஒரு சவத்து மூதிகூட இல்லை.  வலி பிறகுதான் வந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கூடம் சிவப்பாகத் தெரிந்தபோது, அந்தச் சிவப்புக்குள் நின்றுகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து அவளுக்குள் ஒன்று சொன்னது. என்ன சொன்னது? வேண்டாம், அதை விடு. பேச்சி ஓடிவந்து துணியை வைத்து அழுத்தினாள். கனகாம்புஜம் அம்மாள், “பாத்தீங்களா, எந்தக் காரணமும் கெடையாது. மிட்டாய் குடுத்த கைக்கு இதுதான்” என்றார். காரணம் கிடையாது. ஆமாம், காரணம் கிடையாது என்று அவளும் சொன்னாள். உள்ளே சொன்னது என்னவென்றால், நல்லதாப் போச்சு. நல்லதாப் போச்சு, இனி நான் போவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ரத்தம் வழிய உட்கார்ந்துகொண்டு அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு குழந்தை தன் மண்டையை உடைத்ததற்கு நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதி இப்போது எங்கே? அதைத் தேடித்தான் இவ்வளவு நேரமும் உள்ளே துழாவிக்கொண்டிருக்கிறாள். கிடைத்தால் எழுந்து போய்விடுவாள். காரணம் கிடையாது. சும்மா இருக்கும்போது வந்த வெறி. முந்தானையைப் பார்த்தது, எறிந்தது. முந்தானையைப் பார்த்தது. ஏன் பார்த்தது? குனிந்து தானும் பார்த்தாள். மடியில் கிடந்தது. பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நீலச் சேலை, போன கிறிஸ்மஸுக்கு எடுத்தது, இங்கே ஒருநாளும் கட்டாதது. நுனி முழுசாக, ஜரிகை கலையாமல், ஒரு நூல் பிரியாமல் இருந்தது.

கிரேஸ் டீச்சர் போன அன்றும் காலையில் மிட்டாய் கொடுத்தாள். அவள் கொடுத்தது கடலைமிட்டாய். புதுச் சேலை கட்டியிருந்தாள், சிவப்புப் பார்டர். அதற்கு முன்னால் போன டீச்சர் எல்லோருக்கும் பூந்தி வாங்கி வரச் சொன்னாள், தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். போகிறவர்கள் அன்றைக்குக் காலையில் ஒருமாதிரி கூடுதலாகச் சிரிப்பார்கள். தலையைத் தடவுவார்கள், வழக்கமாகத் தடவாத பிள்ளையைக்கூட. சுகிர்தமும் இன்று காலையில் தடவினாள்தானே? இஸ்மாயிலின் தலையை, அது பிடிக்காது என்று தெரிந்திருந்தும். முக்காலி அடியில் நழுவுவது போலிருந்தது. காரணமில்லாமல் எறியவில்லை. பவளத்துக்குத் தெரிந்துவிட்டது. வாயில் வைக்கப்போன துணியிலேயே தெரிந்துவிட்டது. தின்று முடிப்பதற்குள் வந்துவிடுவேன் என்று பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனவனைப் பார்த்த பிள்ளைக்கு, கையில் மிட்டாயைக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? அது எறிந்தது மாமாவின் மேலேயும்தான். மாமா இல்லை, இருந்தது நீ. உனக்குத்தான். குறிபார்த்து உனக்குத்தான். நியாயம்தான் என்று தோன்றியது. அப்படியானால் இப்போது கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருப்பதும் காவல்தான். தான் உறங்கினால் இவள் போய்விடுவாள் என்று தெரிந்துதான் ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

வாசலில் நிழல் தட்டியது. பேச்சி. சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு, வாயைப் பொத்தியபடி கிசுகிசுத்தாள். “டீச்சர், நேரமாச்சு. பொட்டிய ரோட்டுல கொண்டு வச்சாச்சு. வாங்க.” சுகிர்தம் கையைக் காட்டி, கொஞ்சம் பொறு என்றாள். திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பவளத்தின் கண் மூடியிருந்தது. எப்போது மூடியது? பேச்சியைத் திரும்பிப் பார்த்த அந்த நொடியிலா? மூச்சு சீராக ஏறி இறங்கியது. உறங்கிவிட்டது. கடைசியில் உறங்கிவிட்டது. போ. இதுதான் சமயம், போ. கால் எழுந்தது. முக்காலியைச் சுவரோரம் தள்ளினாள். செருப்பைக் கையில் எடுத்தாள், மற்ற டீச்சர்களைப் போலவே. நிலைப்படியில் ஒரு காலை வைத்தாள். ஏதோ ஒன்று இல்லை. கூடத்தில் எதுவோ ஒன்று குறைகிறது. எதையாவது மறந்துவிட்டோமா? குடை? பேனா? நின்று கவனித்தாள். சாரல் விழும் சத்தம். பேச்சியின் வளையல். வேறு ஒன்றுமே இல்லை. வேறு ஒன்றுமே இல்லை என்பதுதான். பாய் கிறீச்சிடவில்லை. இஸ்மாயில் ஆடவில்லை. உறக்கத்திலும் நிற்காத ஆட்டம் நின்று, கையைத் தொடையிடுக்கில் சொருகிக்கொண்டு, இறுக்கி மூடிய கண்ணோடு மரக்கட்டை போலக் கிடந்தான். பக்கத்தில் செல்வராணியின் இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. அதற்கடுத்த பாயில் ஒரு தொண்டை எச்சில் விழுங்கியது. இத்தனை வருஷத்தில் ஒரு மத்தியானம்கூட இந்தக் கூடம் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. யாராவது முனகுவார்கள், பல்லைக் கடிப்பார்கள், எழுந்து உட்கார்ந்து சுவரோடு பேசுவார்கள். ஒருவரும் உறங்கவில்லை. எல்லோரும் விழித்துத்தான் இருக்கிறார்கள். கிரேஸ் டீச்சர் போனபோதும் விழித்துத்தான் இருந்திருக்கிறார்கள். மறுநாள் கேட்காதது மறந்ததால் இல்லை. டீச்சர்மார் போக வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் படித்துவைத்திருந்தார்கள். ‘அ’ எழுத வருமுன்னே அதைப் படித்துவைத்திருந்தார்கள். பவளம்கூட, கண்டுபிடித்து, எறிந்து, அதற்கும் பலனில்லை என்றானதும், மற்றவர்களோடு சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டு அவளுக்கு வழி விடுகிறது.

செருப்பு கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் ஒரு பிள்ளை அசையவில்லை. சுகிர்தம் திரும்பி வந்து கூடத்தின் நடுவில், பாய்களுக்கிடையில், வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.  கூரையில் ஏறினால்? இடுப்பு ஒடிந்தால்? சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பையன் நொண்டி நொண்டி நடந்து காட்டினானாமே. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இதோ, சுற்றிலும் படுத்திருக்கிறது. அம்மாவின் விரல்கள் கேட் கம்பியில் வெளுத்துப் போயிருந்தது சம்பந்தமில்லாமல் நினைவுக்கு வந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் போகும்போது அம்மா தன்னைப் பார்த்தாள். தானும் அம்மாவைப் பார்த்தாள். அதை இதுவரைக்கும் கணக்கில் எடுத்ததே இல்லை. “நான் போறேன்” என்றாள். குரல் வரவில்லை. இருமிவிட்டு மறுபடி சொன்னாள். “பிள்ளைங்களா, நான் வேற பள்ளிக்கூடத்துக்குப் போறேன். இன்னைக்குத்தான் போறேன். திரும்பி வரமாட்டேன். ஒங்ககிட்டச் சொல்லாம போகப் பாத்தேன்.”

 இஸ்மாயில் எழுந்து சுவருக்குப் போய், ணங் என்று மோதினான். அதோடு கூடம் பிளந்துகொண்டது. செல்வராணி வீறிட்டாள். ஒரு பையன் பாயிலேயே மூத்திரம் போனான். ஒருத்தி காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தாள். பேச்சி சாக்கை எறிந்துவிட்டு ஓடிவந்து இஸ்மாயிலின் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். கனகாம்புஜம் அம்மாள் வாசலில் வந்து நின்று, “என்ன காரியம் செஞ்சீங்க சுகிர்தம்!” என்று அலறினார்.  சுகிர்தம் செல்வராணியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தின் நடுவில், “ஆமா, போறேன். ஆமா, போறேன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. விட்டுவிட்டு இரண்டு தடவை. டிரைவர் பெட்டியைப் பார்த்து நிறுத்தியிருப்பான் போல. பிறகு கியர் மாற்றும் சத்தம், இறக்கத்தில் தேய்ந்துபோயிற்று. கனகாம்புஜம் அம்மாளுக்கும் அது கேட்டது.  அவர் உள்ளே வந்து, கஞ்சிச் சேலையோடு ஈரப் பாயில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டிருந்தவளின் முதுகைத் தடவத் தொடங்கினார். அழுகை குறைய நேரம் பிடித்தது. குறைந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் அழ முடியும்? விக்கலும் மூக்குறிஞ்சலுமாக இறங்கிவந்தது. யாரும் கூரைக்குப் போகவில்லை.

பவளம் மட்டும் அழவுமில்லை, எழவுமில்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சுகிர்தமும் பார்த்தாள். பயம் இருக்கிறதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். இருந்தது. போய்விடவில்லை. இந்தப் பிள்ளைக்கு நான் போதமாட்டேன் என்பதும் அப்படியே இருந்தது. ஆறு மணிக்கு இன்னொரு பஸ் உண்டு. அதில் போகத்தான் போகிறாள். எல்லோரும் பார்க்க, பகல் வெளிச்சம் இருக்கும்போதே கேட்டைத் திறந்துகொண்டு போவாள். அதற்குள் அந்தப் பிள்ளை எழுந்து வந்து எதையாவது பிடித்துக்கொண்டால் விரல்களைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரிப்பாள். 

“ஏட்டி டீச்சரு” என்றது பவளம்.

“சொல்லு.”

“அங்க இருக்க பிள்ளைங்க நல்ல பிள்ளைங்களா?”

சுகிர்தத்துக்கு வாயில் ஏதேதோ வந்தது. நீங்களும் நல்ல பிள்ளைங்கதான் என்று வந்தது. ஒங்களை மாதிரி வருமா என்று வந்தது. மிட்டாய் மாதிரி இருந்தன, எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“தெரியல பவளம். நான் இன்னும் பாக்கல. போய்த்தான் பாக்கணும்.”

பவளம் அதை யோசித்தது. புருவத்தைச் சுருக்கி, பெரிய மனுஷி மாதிரி யோசித்தது. பிறகு, பயணம் போகிறவருக்குத் தைரியம் சொல்லும் குரலில், “நல்லாத்தான் இருக்கும்” என்றது. “போனவுடனே பயந்துறாத.”